எண்ணெய் முகத்தைக் காக்கும்; வெளுக்காது!

முகம் கொஞ்சம் வெளுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். சிறுநீரகம் கெட்டது!

இது கட்டுக்கதை அல்ல. நம் பக்கத்து ராஜ்யமான கேரளத்தில் நடந்தது. மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்குள்ள ஒரு ஆஸ்பத்திரிக்கு 2021-ம் ஆண்டு ஜூலை முதல் 2023-ம் ஆண்டு செப்டம்பர் வரை ஒரே நோயுடன் 22 பேர் வந்தார்கள். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் சல்லடை பழுதாகிவிடும் நோய் அது. அந்த நோய் வந்தால் கால் வீங்கும். முகம் வீங்கும். சிறுநீர் நுரை நுரையாகப் போகும்.

22 பேரையும் டாக்டர்கள் சோதித்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது, அந்த நோயிலேயே அபூர்வமான ஒரு வகை. அது ஏன் இத்தனை பேருக்கு வர வேண்டும்? என்ன சாப்பிட்டாய், என்ன மருந்து குடித்தாய் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். கடைசியில் விஷயம் வெளிவந்தது. 15 பேரில் 13 பேர், முகத்தை வெளுக்க வைக்கும் க்ரீம் பூசிக்கொண்டிருந்தவர்கள்!

க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் குறைந்தது. இந்த ஆராய்ச்சி மருத்துவ சஞ்சிகையில் வெளியாகி, உலகம் முழுவதும் டாக்டர்கள் அதைப் படித்தார்கள். கேரள சர்க்காரின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2023-ம் ஆண்டில் "ஆபரேஷன் சௌந்தர்யா" என்ற பெயரில் கடைகளைச் சோதனை போட்டது.

குற்றவாளி யார்? பாதரசம்!

பாதரசம் செய்யும் வேலை

பாதரசம் தெரியாதவர்கள் இல்லை. காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடிக் குழாயில் வெள்ளி போல மின்னுமே, அதுதான்.

நம் தோலுக்குக் கறுப்பு நிறம் தருவது மெலனின் என்ற சாயம். அதைத் தோலே தயாரித்துக்கொள்கிறது. பாதரசம் அந்தத் தயாரிப்பைத் தடுத்துவிடும். ஆகவே பூசிய சில நாட்களில் முகம் வெளுத்தாற்போலத் தெரியும். பூசியவர் மகிழ்ந்துபோவார்.

ஆனால் பாதரசம் முகத்தோடு நிற்பதில்லை. தோல் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. நரம்பையும் கெடுக்கிறது. பூசியவரோடும் அது நிற்பதில்லை. தாயின் கன்னத்தில் கன்னம் வைக்கும் குழந்தைக்கும் ஒட்டும். துவைக்காத துண்டிலும் தலையணை உறையிலும் இருக்கும்.

பாதரசத்தின் கொடுமையை உலகத்துக்குக் காட்டிய ஊர் ஜப்பானில் உள்ள மினமாட்டா. ஒரு தொழிற்சாலையின் பாதரசக் கழிவு கடலில் கலந்தது. அந்த மீனைத் தின்ற மக்கள் கைகால் இழுத்துக்கொண்டு விழுந்தார்கள். 1956-ம் ஆண்டில் அந்த நோய் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஊரின் பெயராலேயே 2013-ம் ஆண்டில் ஒரு சர்வதேச உடன்படிக்கை ஏற்பட்டது. 2018-ம் ஆண்டில் இந்தியாவும் அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது. 2023-ம் ஆண்டில் ஜெனீவாவில் கூடிய நாடுகள், பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை 2025-ம் ஆண்டுக்குள் அடியோடு ஒழிப்பது என்று முடிவு செய்தன.

நம் நாட்டின் 2020-ம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளும் கண்டிப்பானவை. முகத்துக்குப் பூசும் பொருளில் பாதரசம் சேர்க்கக் கூடாது. தெரியாமல் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

சட்டம் இருக்கிறது. ஆனாலும் டப்பாக்கள் வருகின்றன. தயாரித்தவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, என்ன சேர்த்தார்கள் என்ற விவரமும் இல்லை. இப்படிப்பட்ட டப்பாவை வாங்குகிறவர்கள் இருக்கும் வரை விற்கிறவர்களும் இருப்பார்கள்.

"அப்படியானால் எண்ணெய்தான் நல்லது!"

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும்.

"பார்த்தாயாடி! அந்தக் காலத்தில் நாங்கள் க்ரீமா பூசினோம்? தேங்காய் எண்ணெய்தான். என் முகத்துக்கு என்ன கேடு வந்தது?" என்பாள் தாய்.

"எண்ணெய் வழிந்த முகத்தோடு எப்படியம்மா காலேஜுக்குப் போவது? பரு வேறு வருகிறது!" என்பாள் மகள்.

இருவரில் யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரிதான்! தாய்க்கு ஒத்துக்கொண்ட எண்ணெய் மகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அது ஏன் என்று பார்ப்போம்.

தோல் ஒரு செங்கல் சுவர்

நம் தோலின் மேல் அடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி. செத்துக் காய்ந்த சிறு அணுக்கள்தான் செங்கல். செங்கல்லுக்கு இடையே கலவை வேண்டும் அல்லவா? கொழுப்புப் பொருள்தான் அந்தக் கலவை. அது உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. வெளியே இருக்கும் கிருமியை உள்ளே விடாது.

அடிக்கடி சோப்பு போட்டால் கலவை கரையும். வயதானாலும் அது குறையும். அப்போது தோல் வறண்டு, வெடித்து, அரிக்கும். அந்த நேரத்தில் இரண்டு துளி எண்ணெய் தடவினால் மேலே ஒரு மெல்லிய மூடி விழுகிறது. ஈரம் உள்ளேயே தங்குகிறது. எண்ணெய் செய்யும் முக்கியமான உபகாரம் இதுதான்.

ஆகவே வறண்ட தோல் உள்ள தாய்க்கு எண்ணெய் சுகம் தருகிறது. பதினேழு வயது மகளின் தோலிலோ ஏற்கெனவே எண்ணெய் சுரந்துகொண்டிருக்கிறது. அதன் மேல் இன்னும் எண்ணெய் போட்டால், தோலின் துளை அடைத்துப் பரு கிளம்புகிறது.

எல்லா எண்ணெயும் ஒன்றல்ல

"எண்ணெய்" என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். ஆனால் ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஒவ்வொரு குணம்.

தேங்காய் எண்ணெய்: இதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு. சில கிருமிகளை அடக்கும் சக்தி அதற்கு உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டு டாக்டர்கள் 2008-ம் ஆண்டில் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கரப்பான் போன்ற தோல் அரிப்பு நோய் உள்ள 52 பேரில், ஒரு பாதிக்குச் சுத்தமான தேங்காய் எண்ணெய். மறு பாதிக்கு ஆலிவ் எண்ணெய். தேங்காய் எண்ணெய் தடவியவர்களின் தோலில் சீழ் பிடிக்கவைக்கும் கிருமி பெரிதும் குறைந்தது. கை, கால், உடம்பு வறட்சிக்கு இது நல்ல எண்ணெய். ஆனால் பரு வரும் முகத்துக்கு ஆகாது. துளையை அடைக்கும் குணம் இதற்கு அதிகம்.

சூரியகாந்தி எண்ணெய்: சமையல் எண்ணெய்தானே என்று அலட்சியமாக நினைக்கிறோம். இதில் லினோலிக் அமிலம் அதிகம். நாம் சொன்ன செங்கல் சுவருக்குக் கலவை செய்ய அந்தச் சரக்கு தேவை. வங்காளதேசத்தின் டாக்கா நகரில் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்று. மாதம் நிறையாமல் பிறந்த சிசுக்களுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். தடவாத குழந்தைகளைவிட இவர்களுக்கு ஆஸ்பத்திரியில் தொற்றும் கிருமி நோய் 41 சதவீதம் குறைவாக வந்தது! 2005-ம் ஆண்டில் இந்த முடிவு வெளியாயிற்று. டாக்டர் மேற்பார்வையில் நடந்த வைத்தியம் அது. பிறந்த குழந்தைக்கு வீட்டில் நாமாகச் செய்து பார்ப்பதற்கு அல்ல.

ஆலிவ் எண்ணெய்: விலை அதிகம், ஆகவே குணமும் அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். இங்கிலாந்தில் 19 பேர் கையில் தடவிப் பரிசோதித்து 2013-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஆலிவ் எண்ணெய் தோல் சுவரைப் பலவீனப்படுத்தியது. லேசாகச் சிவக்கவும் வைத்தது. அதே சோதனையில் சூரியகாந்தி எண்ணெய் தோல் சுவரைக் கெடுக்கவில்லை. விலை ஒன்று, குணம் வேறு!

நல்லெண்ணெய்: இதில் லினோலிக் அமிலமும், ஆலிவ் எண்ணெயில் உள்ள ஓலிக் அமிலமும் ஏறத்தாழச் சரிபாதி. எண்ணெய்க் குளியலுக்கு நம் வீடுகளில் பழகிய சரக்கு. உடம்புக்குத் தேய்த்துக் குளிக்கலாம். அபூர்வமாகச் சிலருக்கு எள் ஒவ்வாது. அரிப்பு கண்டால் நிறுத்திவிட வேண்டும்.

விளக்கெண்ணெய்: பிசுபிசுப்பானது. ஆகவே முகம் முழுவதும் பூசத் தோதில்லை. வெடித்த உதட்டுக்குத் தொட்டு வைக்கலாம். உதட்டுச் சாயத்திலேகூட விளக்கெண்ணெய் சேர்க்கிறார்கள்.

வேப்பெண்ணெய்: காரமானது. அப்படியே முகத்தில் தடவினால் பலருக்கு எரியும். குழந்தைகளுக்கு உள்ளே கொடுப்பது பேராபத்து. வேப்பெண்ணெய் குடித்து வலிப்பு வந்த சிசுக்கள் உண்டு.

தேயிலை மர எண்ணெய்: இது நாம் குடிக்கும் தேயிலை அல்ல. ஆஸ்திரேலியாவில் வளரும் வேறு ஒரு மரத்தின் இலைத் தைலம். அந்த நாட்டில் 124 பேரிடம் நடந்த சோதனை 1990-ம் ஆண்டில் வெளியாயிற்று. இந்தத் தைலம் 5 சதவீதம் கலந்த பசை பருவைக் குறைத்தது. டாக்டர்கள் கொடுக்கும் மருந்தைவிட மெதுவாகத்தான் வேலை செய்தது. ஆனால் எரிச்சல் குறைவு. 5 சதவீதம் என்பதைக் கவனியுங்கள். கலக்காமல் அப்படியே பூசினால் தோல் புண்ணாகும்.

தலையிலிருந்து நெற்றிக்கு

"நான் முகத்தில் எண்ணெயே தொடுவதில்லை. ஆனாலும் நெற்றி முழுவதும் பரு!" என்று சிலர் சொல்வார்கள்.

அவர்கள் தலையைப் பாருங்கள். எண்ணெய் பளபளக்கும்! வெயிலில் அது வழிந்து நெற்றிக்கு வரும். இரவில் தலையணையில் ஒட்டி, அங்கிருந்து கன்னத்துக்கு வரும். தலைக்குப் பூசும் பசையினால் நெற்றியில் பரு வருவதை அமெரிக்க டாக்டர்கள் 1970-ம் ஆண்டிலேயே எழுதிவைத்தார்கள். பரு உள்ள பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைப்பதானால், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்து, அலசிவிடுவது நல்லது.

இன்னொரு சங்கதி. மூக்கின் ஓரம், புருவம், காதின் பின்புறம் ஆகிய இடங்களில் சிவந்து செதில் உதிர்வது உண்டு. பொடுகின் தம்பி அது! வறட்சி என்று எண்ணி எண்ணெய் தடவுகிறார்கள். அந்த நோய்க்குக் காரணமான காளான் கிருமிக்கு எண்ணெயே ஆகாரம். தடவத் தடவ நோய் வளரும். அதற்கு டாக்டரிடம் போக வேண்டும்.

கோர்ட்டுக்குப் போன குப்பி

ஒரே தேங்காய் எண்ணெய். சமையல் அறையில் இருந்தால் உணவு. குளியல் அறையில் இருந்தால் அழகுப் பொருள். இது ஒரு பெரிய வழக்காகவே ஆகிவிட்டது!

சின்னக் குப்பியில் விற்கும் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலை எண்ணெயா? சமையல் எண்ணெய்க்கு வரி குறைவு. தலை எண்ணெய்க்கு வரி அதிகம். "சின்னக் குப்பி என்றால் தலைக்குத்தான்" என்றது வரி இலாகா. வழக்காடியவர் நம் சேலத்து மத்திய கலால் கமிஷனர். 2018-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். பிறகு மூன்று நீதிபதிகள் விசாரித்து, 2024-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி முடிவு சொன்னார்கள். குப்பி சின்னது என்பதற்காக அது தலை எண்ணெய் ஆகிவிடாது. தலை எண்ணெய் என்று எழுதி விற்றால்தான் தலை எண்ணெய் என்றார்கள். பிறகு 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22 முதல், தலை எண்ணெயின் வரியும் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது.

வரி வழக்குக்கும் நம் முகத்துக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு. குப்பி மேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும் என்பதே அது! தலை எண்ணெய் என்று விற்கும் பலவற்றில் வாசனையும், சாயமும், மண்ணெண்ணெய் வர்க்கத்தைச் சேர்ந்த தாது எண்ணெயும் சேர்த்திருப்பார்கள். தாது எண்ணெய் விஷம் அல்ல. ஆனால் வாசனையும் சாயமும் சிலர் முகத்துக்கு ஒவ்வாது. முகத்துக்கு வேண்டியது ஒரே சரக்கு உள்ள சமையல் எண்ணெய்தான்.

விலையும் ஒரு விஷயம். 2025-ம் ஆண்டின் நடுவில் கேரளத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது. விலை ஏறினால் கலப்படமும் ஏறும். சுத்தமான தேங்காய் எண்ணெய் 24 டிகிரி சூட்டுக்குக் கீழே உறையும். குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பார்த்தால், உறையாமல் மேலே நிற்கும் வேறு எண்ணெய் சில சமயம் காட்டிக்கொடுக்கும். ஆனால் இதுவும் முழுச் சோதனை அல்ல. பனை வித்து எண்ணெயைக் கலந்தால் அதுவும் உறைந்துவிடும். நம்பிக்கையான செக்கிலோ, முத்திரை உள்ள பாக்கெட்டிலோ வாங்குவதே சரி.

எப்படிப் பூசுவது?

முதலில் சோதனை. முழங்கையின் உள்பக்கம் ஒரு காசு அளவு இடத்தில் தினம் இரண்டு வேளை தடவுங்கள். ஒரு வாரம் பாருங்கள். அரிப்போ, சிவப்போ இல்லாவிட்டால் முகத்துக்குப் போகலாம்.

இரவில் முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். ஈரம் காயும் முன்பு இரண்டு மூன்று துளி எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, முகத்தில் மெல்ல ஒற்றுங்கள். அவ்வளவே போதும். குளம் கட்ட வேண்டாம்! காலையில் கழுவிவிடலாம்.

சிக்கு வாடை வந்த பழைய எண்ணெயையும், பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயையும் முகத்தில் தொடக் கூடாது.

எண்ணெயோடு எலுமிச்சைச் சாறு கலந்து பூசினால் நிறம் வரும் என்று ஒரு கைவைத்தியம் சொல்வார்கள். செய்யாதீர்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் கிளம்பும். பிறகு கருந்திட்டு விழும். நிறம் வராது, இருந்த நிறமும் போகும்!

எண்ணெய் வெயிலுக்குக் குடை என்று நம்ப வேண்டாம். வெயிலைத் தடுக்கும் சக்தி அதற்கு மிகக் குறைவு. குடை பிடிப்பதும், முந்தானையால் மூடிக்கொள்வதும் எண்ணெயைவிட நல்ல காவல்.

"இயற்கை" என்ற சொல்

இப்போது கடைக்குக் கடை "இயற்கை" என்ற சொல் தொங்குகிறது. க்ரீமுக்குப் பயந்தவர்களை எண்ணெயின் பெயரால் அழைக்கிறார்கள். இலையும் பூவும் படம் போட்ட ஒரு சின்னக் குப்பிக்கு, ஒரு லிட்டர் நல்லெண்ணெயின் விலை!

இயற்கை என்றால் எல்லாம் நல்லதா? பாதரசமும் மண்ணிலிருந்து எடுப்பதுதான்! எண்ணெயும் க்ரீமும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது? எழுதியிருக்கிறதா? தயாரித்தவர் பெயரும், விலாசமும், லைசென்ஸ் எண்ணும் இருக்கின்றனவா?

குங்குமப்பூ சேர்த்த குங்குமாதித் தைலம் பழைய ஆயுர்வேத மருந்து. அதன் அடிப்படை நல்லெண்ணெய். மெருகு தரலாம். ஆனால் "ஏழே நாளில் வெளுப்பு" என்று யார் எதை விற்றாலும், தைலமானாலும் சரி, பசையானாலும் சரி, சந்தேகப்படுங்கள். எந்த எண்ணெயும் பிறவி நிறத்தை மாற்றாது. மாற்றினால், அதில் எண்ணெயைத் தவிர வேறு ஏதோ இருக்கிறது!

இன்று செய்ய வேண்டியது

இதைப் படித்து முடித்ததும், வீட்டில் உள்ள முகப்பூச்சு டப்பாக்களை எடுத்துப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டாவது படியுங்கள். "மெர்க்குரி", "கலோமெல்", "மெர்க்குரிக்", "மெர்க்குரியோ" என்ற சொற்கள் இங்கிலீஷில் இருக்கின்றனவா? எல்லாம் பாதரசத்தின் பெயர்களே. "தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்" என்று எழுதியிருந்தாலும் உஷார்! நகையைக் கெடுக்கும் சரக்கு பாதரசம். உலக சுகாதார ஸ்தாபனமே இந்த அடையாளத்தைச் சொல்லியிருக்கிறது. பெயரும் ஊரும் இல்லாத டப்பாவாக இருந்தால், யோசிக்கவே வேண்டாம், நிறுத்திவிடுங்கள்.

அத்தகைய க்ரீமைப் பூசியவருக்குக் காலோ முகமோ வீங்கினால், சிறுநீர் நுரைத்தால், உடனே டாக்டரிடம் போங்கள். போகும்போது டப்பாவையும் எடுத்துப் போங்கள். "க்ரீம் பூசினேன்" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். கோட்டக்கல்லில் நோயின் காரணம் தெரிந்ததே, நோயாளிகள் அதை ஒப்புக்கொண்டதனால்தான்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. டப்பாவைக் குப்பையில் போடுவது எளிது. "இவள் கொஞ்சம் நிறம் கம்மி" என்று குழந்தையின் காதுபடப் பேசும் வழக்கத்தைப் போடுவதுதான் கடினம். அந்தச் சொல்தான் பெண்ணைக் கடைக்கு அனுப்புகிறது. பெயர் இல்லாத டப்பாவை ஒளித்து வைக்கச் சொல்கிறது.

முகத்துக்கு இரண்டு துளி எண்ணெய் போதும். காதுக்கு அந்த ஒரு சொல் வேண்டாம்!